மங்களத்துக்குப் பிறகும் உட்கார்ந்திருந்தவர்

1

போன வாரம் பங்கீட்டு அரிசி வாங்கச் சுங்கைப்பட்டாணிக்குப் போயிருந்தோம். கடைச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸை என் மகள் தனம் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள். சங்கீத ராணி அபரஞ்சி அம்மாள் ஊரிலிருந்து மறுபடியும் கப்பலேறி வந்திருக்கிறாராம். இப்போது வெளியாகி ஊரே பாடிக்கொண்டிருக்கும் படப் பாட்டுகளை எல்லாம் நேரில் பாடுகிறாராம். பெண்களுக்குத் தனி இடமாம். "நாமளும் போவோமாம்மா?" என்று தனம் கேட்டாள். அரிசிப் பையைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கல்யாணமான கையோடு மலாயாவில் இந்தக் கெடாவுக்கு வந்தவள். சுங்கை லாலாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறேன், அதாவது பால் வடிய மரப்பட்டையைச் சீவுகிறேன். என் வீட்டுக்காரர் பெயர் முத்தையா. அவரும் அதே தோட்டத்தில் மரம் வெட்டினவர்தான். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் ஒரு நாள் மத்தியானம் பாட்டுக் கேட்கப் போனவர் திரும்பி வரவில்லை.

வரவில்லை என்பது என் பேச்சு. தோட்டத்து ஆபீஸ் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே "ஓடிப்போனவர்" என்று இருக்கிறது. ஜப்பான் காலத்தில் ஆபீஸ் கணக்குப்பிள்ளையாக இருந்த கிராணி எழுதிவிட்டுப் போனது. ஆள் குறைந்தால் அப்படி எழுதுவதுதான் அன்றைக்குப் பத்திரம். யுத்தம் முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு, அதை மாற்றச் சொல்லி நானும் ஆபீஸ் வாசலில் நின்று நின்று பார்த்துவிட்டேன். புதுத் துரை சின்னப் பையன், புத்தகம் வைத்துத் தமிழ் படித்தவன். "உன் புருஷன் ஓடிப்போச்சு. புக் சொல்லுது. நான் என்னா செய்யும்?" என்றான். புதுக் கிராணிக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு. "லாரியில ஏத்துனதக் கண்ணால பார்த்த ஆளு ஒருத்தரக் கூட்டியாங்க அக்கா. நான் எழுதித் தர்றேன்" என்றார்.

பார்த்த ஆளுக்கு எங்கே போவது? அன்று லாரியில் ஏறினவர்களில் எங்கள் தோட்டத்து ஆள் ஒருவரும் திரும்பவில்லை. காட்டுக்குள் ஓடித் தப்பினவர்கள் சிலர் வந்தார்கள். அவரவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும்போது யார் யாரைத் திரும்பிப் பார்ப்பது? பெண்களான நாங்களோ அதற்கு முன்பே எழுந்து போய்விட்டோம். கடைசிவரைக்கும் எல்லாவற்றையும் பார்க்கிற மாதிரி நின்றிருந்தவர் மேடையில் பாடின அபரஞ்சி அம்மாள்தான்.

2

அந்தக் காலத்துப் பாட்டைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். யுத்தம் வருவதற்கு முந்தின தீபாவளிக்கு வந்த படங்கள்தான் கடைசி. அதற்கப்புறம் கப்பல் நின்றது, கடுதாசி நின்றது, படமும் நின்றது. ஊரில் நீங்கள் மாதத்துக்கு ஒரு பாட்டைத் தலையில் வைத்து ஆடிவிட்டு மறந்திருப்பீர்கள். எங்களுக்கு அந்தத் தீபாவளிப் பாட்டுகளே ஜப்பான்காரன் போகும்வரை புதுப்பாட்டு. தோட்டத்து மேஸ்திரியான தண்டல் வீட்டுக் கிராமபோனுக்கு ஊசி தீர்ந்துபோய் எலுமிச்சை முள்ளைச் செருகிப் பார்த்தார்கள். அந்தத் தட்டும் பாழாய்ப்போனது.

அபரஞ்சி அம்மாள் நாடகக் கம்பெனியோடு பினாங்குக்கு வந்து மாட்டிக்கொண்டவர். ஊரில் அவர் பெயரைச் சொன்னால் கூட்டம் தள்ளுமுள்ளு ஆகும் என்பார்கள். இங்கே கம்பெனி கலைந்தது. ஒரு ஆர்மோனியக்காரரையும் ஒரு மிருதங்கக்காரரையும் கூட்டிக்கொண்டு மாட்டு வண்டியில் தோட்டம் தோட்டமாக வந்தார். ஒவ்வொரு ஊருக்கும் பாஸ் வேண்டும். பாஸ் வேண்டுமானால் என்ன பாட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று ஆபீஸில் சொல்ல வேண்டும். காதலன் வரவில்லை என்று ஒருத்தி அழுகிற பாட்டுக்கு, "இவன் எந்தப் பட்டாளத்தில் இருக்கிறான்?" என்று கேட்டார்களாம். அதை அவரே மேடையில் சொல்லிச் சிரிக்க வைப்பார். கூலி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மரவள்ளிக் கிழங்கும் உப்பும், கிடைத்தால் வாத்து முட்டையும் கொடுப்போம்.

தன்னுடைய நாடகப் பாட்டைத்தான் முதலில் எடுப்பார். நம் ஆட்கள் விடுவார்களா? "படப்பாட்டு! படப்பாட்டு!" என்று ஒரே கூச்சல். "என் பாட்ட நான் பாடுனாக் கொட்டாவி விடுறீங்க. இன்னொருத்தி பாட்ட நான் பாடுனா மூணு தரம் கேக்குறீங்க. நல்லா இருக்குய்யா உங்க நியாயம்" என்பார். ஆனாலும் பாடுவார். ஜோடிப் பாட்டென்றால் ஆண் குரலும் அவரே, பெண் குரலும் அவரே. மறந்துபோன அடிகளுக்குத் தானே சொல் கட்டிப் போட்டுக்கொள்வார். எங்கள் பிள்ளைகள் அந்தப் பாட்டுகளை அவர் வாயால்தான் முதலில் கேட்டார்கள். யுத்தம் முடிந்து கடையில் அசல் தட்டைப் போட்டபோது தனம் முகம் சுளித்தாள். "இந்தம்மா தப்புத் தப்பாப் பாடுதும்மா" என்றாள்.

என் வீட்டுக்காரருக்கு இருந்த பைத்தியத்தை என்னவென்று சொல்ல! அவருக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் "ஒன்ஸ்மோர்." மேடைக்குக் கீழே முதல் ஆளாகச் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். பாட்டு முடிகிற நேரத்தில் கழுத்து நரம்பு புடைக்க ஒரு கத்தல். வீட்டில் உப்பில்லை என்று சொன்னால் அந்தத் தொண்டை திறக்காது. அந்த அம்மாளின் பாட்டுக்காக லூனாஸ் வரைக்கும் நடந்தார். நானும் கூடவே நடந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

லூனாஸில்தான் அந்த வேடிக்கை ஆரம்பமானது. மங்களம் பாடினால் கச்சேரி முடிந்தது என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். எழுந்து கும்பிட்டுப் பாயைச் சுருட்ட வேண்டும். அன்று அபரஞ்சி அம்மாள் மங்களம் எடுத்தார். எல்லோரும் எழுந்தோம். இவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்தபடி "ஒன்ஸ்மோர்!" என்றார். மங்களத்துக்கு எவனாவது ஒன்ஸ்மோர் கேட்பானா? எனக்கு மானம் போனது. அந்த அம்மாளுக்கோ சிரிப்புத் தாங்கவில்லை. மங்களத்தைப் பாதியில் விட்டுவிட்டு இன்னொரு படப்பாட்டுப் பாடினார். அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. கூட்டம் சலசலத்தால் அவர் மங்களத்தை எடுத்து மிரட்டுவார். இவரும் இவருடைய சேக்காளிகளும் நகராமல் உட்கார்ந்து கத்துவார்கள். உபரியாக ஒன்றிரண்டு பாட்டு கிடைக்கும்.

3

சயாமில் ரயில் ரோடு போட ஆள் வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம், நல்ல சம்பளம், நல்ல சாப்பாடு என்றார்கள். முதலில் போனவர்கள் அதை நம்பித்தான் போனார்கள். மூன்று மாதம் கழிந்தும் ஆளும் வரவில்லை, சேதியும் வரவில்லை. அதற்கப்புறம் கேட்டால் யார் போவார்கள்? கேட்காமலே பிடித்தார்கள். பாசாரில் பிடித்தார்கள், கூத்து நடந்த இடத்தில் பிடித்தார்கள். இவரை எங்கேயும் போகாதே என்று நான் அதட்டி வைத்திருந்தேன். ஆனால் கச்சேரி எங்கள் தோட்டத்துக்கே வந்துவிட்டது. எல்லோரும் வந்தாக வேண்டும் என்று தண்டல் எங்கள் குடியிருப்பில் லயம் லயமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

விளக்குக்கு எண்ணெய் இல்லாத காலம் என்பதால் கச்சேரியெல்லாம் பகலில்தான். பால் எடுத்து முடித்த பிறகு ஸ்டோர் வாசலில் கூடினோம். பால் பீப்பாய்களின் மேல் பலகை போட்டு மேடை கட்டியிருந்தார்கள். மேடையில் நிற்பவருக்குச் செம்மண் ரோடு நேரே தெரியும். எங்களுக்கு ரோடு முதுகுப்பக்கம்.

முதலில் ஜப்பான் ராஜா இருக்கிற திசை என்று கிழக்கே பார்த்துக் குனிந்தோம். பிள்ளைகள் ஜப்பான் பாட்டுப் பாடினார்கள். ஆறு வயசு தனம் ஒரு எழுத்துப் பிசகாமல் பாடினாள். அது என்ன பாஷை, என்ன அர்த்தம் என்று பெற்றவளான எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் மட்டும் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அபரஞ்சி அம்மாள் அன்று வேடிக்கைப் பேச்சு ஒன்றும் பேசவில்லை. கிழங்கு தின்று வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். நடுவில் ஆர்மோனியத்தை ஓடவிட்டுத் தண்ணீர் தண்ணீராகக் குடித்தார். சில பாட்டுகள் முடிந்து, எல்லோரும் காத்திருந்த ஜோடிப் பாட்டை எடுத்தார். பெண் அடி முடிந்து ஆண் அடி தொடங்குகிற இடத்தில் டக்கென்று நிறுத்தினார். ஆர்மோனியக்காரர் புரியாமல் கொஞ்ச தூரம் வாசித்துக்கொண்டே போனார். அவரைப் பார்க்காமலே இந்த அம்மாள் மங்களம் எடுத்துவிட்டார்.

மங்களம் என்றால் மங்களம்தான். பெண்கள் முனகிக்கொண்டே எழுந்தோம். கும்பிட்டுவிட்டுக் கோணிச் சாக்கைச் சுருட்டி, தனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு மேடைப் பக்கமாகப் போனேன். அவர் சப்பணத்தை அவிழ்க்கவே இல்லை.

"மங்களம் பாடியாச்சு, எந்திரிங்க" என்றேன்.

"நீ போ லா. இந்தம்மா சும்மா விளையாடுது. ரெண்டு பாட்டு வாங்கிட்டுப் பின்னாலயே வர்றேன்."

முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு எரிச்சல்தான் வந்தது. உலை வைக்க வேண்டும், விறகு ஈரமாகக் கிடக்கிறது. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

பிள்ளைகளை விடுகிற ஆயாக் கொட்டகையைத் தாண்டும்போது "ஒன்ஸ்மோர்" கேட்டது. அவர் குரல்தான், கூடவே சேக்காளிகளின் குரலும் கேட்டது. மறுபடியும் மங்களம். லயத்து வாசலுக்கு நான் வந்து சேர்ந்தபோது இன்னொரு தரம் மங்களம். இந்தத் தடவை அதில் ராகமே இல்லை. யாரையோ விரட்டுகிற மாதிரி, அடித் தொண்டையில் கத்துகிற மாதிரி இருந்தது. அதற்குப் பதிலாக ஆண்கள் பக்கமிருந்து ஒரே சிரிப்பும் கைதட்டலும். அப்புறம் லாரிச் சத்தம் வந்தது.

4

அதன் பிறகு ஆளுக்கொரு பேச்சு. "அந்தப் பாட்டுக்காரிதான் ஜப்பான்காரனுக்கு ஆள் புடிச்சுக் குடுத்தா" என்று பாதிப் பேர். "மங்களம் பாடிக் காப்பாத்துன புண்ணியவதி" என்று எழுந்து வந்தவர்கள். எனக்கு இரண்டுமே நிஜமென்று பட்டது, இரண்டுமே பொய்யென்றும் பட்டது. அந்த அம்மாள் மேல் வந்த கோபத்தைவிட என் வீட்டுக்காரர் மேல் வந்த கோபம்தான் பெரிது. வயிறு காய்ந்த நேரத்தில் இந்த மனுஷனுக்கு உபரிப் பாட்டு என்ன கேடு?

நடுவில் ஜப்பான்காரன் கெடாவையே சயாமுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். வேறு கொடி ஏறியது. வீட்டில் உட்கார்ந்தபடியே நாங்களும் சயாமுக்குப் போய்விட்டோம். அவர் எந்தச் சயாமில் இருக்கிறார் என்று மட்டும் தெரியவில்லை.

ஆபீஸ் புத்தகத்தில் எழுதியிருப்பது தெரிந்ததும் ஊர் வாய் வேறு பக்கம் திரும்பியது. பண்டார் பாரு பக்கம் முத்தையாவைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான். கூட ஒரு பொம்பளையாம், கையில் பிள்ளையாம். சண்டைக்குத் தயாராகவே பஸ் ஏறிப் போனேன். அந்த வீட்டில் யாரோ ஒரு மாரிமுத்து இருந்தார். என்னை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன். அவர் இல்லை என்பதற்காக அழுதேனா, இன்னொருத்தியோடு கூட அவர் இல்லையே என்பதற்காக அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் தனத்தை "ஓடுனவரு மக" என்று கூப்பிடுகிறார்கள். அவள் இப்போது என்னிடம் அப்பா பேச்சே எடுப்பதில்லை. பாதி மலாயும் பாதி இங்கிலீஷுமாகச் சிநேகிதிகளோடு பேசுகிறாள். நான் கிட்டே போனால் பேச்சு நின்றுவிடுகிறது. இதற்காகத்தான் அந்த ஒரு வார்த்தையை அடிக்கச் சொல்லி நான் அலைந்தது.

5

கச்சேரி அன்று மத்தியானமே போனேன். அபரஞ்சி அம்மாள் ஒரு ஜவுளிக்கடை முதலாளி வீட்டில் தங்கியிருந்தார். பட்டுப்புடவை, காதில் வைரம். வெந்நீரில் பனங்கற்கண்டு போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். நான் தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் டம்ளர் உதட்டருகே நின்றது.

"அந்தப் பக்கமே நான் வந்ததில்லம்மா. வேற யாரையோ நெனச்சுக்கிட்டு வந்திருக்கீங்க."

"மேடைக்குக் கீழ உக்காந்து ஒன்ஸ்மோர் கேப்பாருங்களே. லூனாஸ்ல மங்களத்துக்கே கேட்டாரு. அவரு பொஞ்சாதி நான்."

முதலாளி உள்ளே வந்து, "அம்மா பாடணும், போங்க போங்க" என்றார். இன்னார் இன்னார் ஜப்பான்காரனுக்கு ஒத்து ஊதினவர்கள் என்று ஊரெல்லாம் விரல் நீட்டிக்கொண்டிருக்கிற சமயம் இது. அந்த அம்மாளுக்குப் பயம் இருக்கும் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் வாசலில் நின்று நன்றாகத் திட்டிவிட்டுத்தான் வந்தேன்.

தனத்துக்காகக் கச்சேரிக்குப் போனேன். எல்லாம் இந்த வருஷத்துப் பாட்டு. தனம் கூடவே வாயசைத்தாள். அப்படியே தட்டில் கேட்கிற மாதிரி இருக்கிறது என்று பின்னால் யாரோ பாராட்டினார்கள். நன்றாகப் பாடினார், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் வரிசையில் ஒரு ஆள் எழுந்து "ஒன்ஸ்மோர்!" என்று கத்தினபோது அபரஞ்சி அம்மாளுக்குக் குரல் வரவில்லை. கத்தின ஆளையும் அவர் பார்க்கவில்லை. மேடைக்குக் கீழே வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆர்மோனியக்காரர் வாசித்தே அந்தப் பாட்டை முடித்துவைத்தார்.

6

மறுநாள் மரம் வெட்டிக்கொண்டிருந்தபோது ஆபீஸிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். போய்ப் பார்த்தால் வாசலில் ஒரு கார். உள்ளே அபரஞ்சி அம்மாள் தனியாக, கிராணி போட்ட நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். காதில் அந்த வைரம் இல்லை.

என்னைப் பார்க்காமல் கிராணியைப் பார்த்தே சொன்னார். "அன்னிக்கு இங்க பாடுனது நான்தான். எதிர்ல ரோட்டுல லாரி வர்றதப் பார்த்தேன். மங்களம் பாடுனேன். பொம்பளைங்க எந்திரிச்சுப் போனாங்க. இவங்க வீட்டுக்காரரு விளையாட்டுன்னு நெனச்சு உக்காந்திருந்தாரு. மூணு தரம் பாடுனேன். எந்திரிக்கல. லாரி வந்து நின்னதும் மத்தவங்கல்லாம் சிதறி ஓடுனாங்க. சிப்பாய்ங்க என்னைப் பிடிக்க வர்றாங்கன்னு நெனச்சாரோ என்னவோ, இவரு மேடைக்கு முன்னால வந்து குறுக்க நின்னாரு. ரெண்டு பேரு அடிச்சுத் தூக்கி லாரியில போட்டாங்க. அவரு ஓடவே இல்லைங்க."

கிராணி எழுதிக்கொண்டே வந்தார்.

"இன்னொன்னும் இருக்கு" என்றார் அபரஞ்சி அம்மாள். "ஜப்பான்காரங்க காலையிலயே என்கிட்டச் சொல்லிட்டாங்க. லாரி வர்ற வரைக்கும் கூட்டம் கலையக் கூடாதுன்னு. தெரிஞ்சுதான் மேடை ஏறுனேன். தெரிஞ்சுக்கிட்டேதான் அத்தனை பாட்டும் பாடுனேன்."

கிராணியின் பேனா நின்றது. "இதையுமா எழுதணும்மா?"

"எழுதுங்க."

அதற்கப்புறம்தான் என் பக்கம் திரும்பினார். திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் நேற்றே தீர்ந்துவிட்டது. மன்னிக்கவும் எனக்கு வாய் வரவில்லை. அவரும் கேட்கவில்லை. கார் போய்விட்டது.

துரை கையெழுத்துப் போட்டான். "இப்போ சரியா?" என்றான். கிராணி பழைய எழுத்தை அடித்துவிட்டு, "லாரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டார், திரும்பவில்லை" என்று எழுதி எனக்குப் படித்தும் காட்டினார். கேட்டதும் கிராணியின் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும் போல் எனக்கு ஒரு வெறி வந்தது. ஓடிப்போனவர் என்று எழுதியிருந்த வரைக்கும் என் வீட்டுக்காரர் எங்கேயோ இருந்தார். மனசாட்சி இல்லாதவராக, எங்களை மறந்தவராக, எப்படியோ இருந்துவிட்டுப் போகட்டும், இருந்தார். அந்தப் பொய்யைத்தான் நானே அலைந்து திரிந்து அழிக்க வைத்திருக்கிறேன். சயாமுக்குப் போனவர்களில் வர வேண்டியவர்கள் எல்லாம் எப்போதோ வந்தாகிவிட்டது. நெற்றியில் பொட்டோடு ஆபீஸ் படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

தனம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சொன்னேன். அப்பா ஓடிப்போகவில்லை, நம்மை விட்டுப் போகவில்லை, பிடித்துக்கொண்டுதான் போனார்கள், புத்தகத்திலேயே மாற்றி எழுதியாகிவிட்டது என்று. அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகிறது.

"அப்போ அப்பா எப்பம்மா வருவாரு?" என்றாள்.